அதே சட்டை

— நடுவுல நிறுத்தக் கூடாது மாஸ்டர். நடுவுல நிறுத்தினா கேக்கறவனுக்குச் சந்தேகம் வரும். எங்க, முதல்லேருந்து.

— திஸ் இஸ் த சேம் ஷர்ட்...

— ம். நல்லாத்தான வருது.

— ஐ ஸ்டிச்...

— ஐ ஹேட் ஸ்டிச்ட்.

— ஐ ஹேட் ஸ்டிச்ட்... ஃபார்...

— ஃபார்?

— கொஞ்சம் தண்ணி கிடைக்குமா டீச்சர்?

— ஜன்னல்கிட்ட பாட்டில் இருக்கு, எடுத்துக்குங்க. டம்ளர் இல்ல, அண்ணாந்து குடிங்க. நானும் மூணு தடவையா பாக்கறேன், 'ஃபார்' வந்ததும் உங்களுக்குத் தாகம் எடுத்துடுது.

— அது வந்து... அந்த வார்த்தை வர மாட்டேங்குது.

— வராதுதான். எப்படி வரும்? அப்பா அம்மா போனப்புறம் நீங்க தூக்கி வளத்த தம்பி. எனக்குப் புரியாம இல்ல. ஆனா பன்னெண்டு மணிக்கு அந்த வெளிநாட்டுத் துறைமுக ஆபீசர் கூப்பிடுவார். இப்பவே பதினொண்ணேகால்.

— நீங்களே பேசிடுங்களேன். உங்களுக்குத்தான் இங்கிலீசு தண்ணி பட்ட பாடாச்சே.

— காலைல உங்க முன்னாலதான போன் போட்டுக் கேட்டேன்? 'யார் தச்சாரோ அவர் வாயாலதான் சொல்லணும், நாங்க பதிவு பண்ணுவோம்'னுட்டார். அவர் தமிழ்ல சொல்லட்டும், நான் மாத்திச் சொல்றேன்னு கேட்டேன். அதுக்கும் ஒத்துக்கல. நீங்க முடிவா என்ன சொல்றீங்களோ அதுல நான் மூக்க நுழைச்சுடுவேன்னு பயம் போல.

— ரெண்டு வாக்கியம்தான்னு சொன்னீங்க.

— ரெண்டே ரெண்டு கேள்வி. ஒண்ணு, இது நீங்க தச்ச அதே சட்டையா, யாருக்குத் தச்சீங்க. ரெண்டாவது, அதேதான்னு எத வெச்சுச் சொல்றீங்க, என்ன அடையாளம். முடிஞ்சுது கதை. அஞ்சாம் கிளாஸ் புள்ள சொல்லிடும்.

— நான் நாலோட நின்னவன் டீச்சர்.

— அட, அதனால என்ன? ஒரு சட்டைக்கு எத்தனை துணி வேணும்னு கண்ணால பாத்தே சொல்றவரு நீங்க. பத்து வார்த்தை உங்களுக்குப் பெரிசா? கவனிங்க, உக்காருங்க. அந்த பெஞ்சு ஆடும், இப்படி வாங்க.

— எல்லாம் அந்த லேபிளால வந்த வினை.

— லேபிள ஏன் திட்டறீங்க? இந்த ஊர்ல காலருக்குள்ள போன் நம்பரைப் போட்டுத் தைக்கற ஒரே மாஸ்டர் நீங்கதான். அது இல்லன்னா அந்தக் கரையில ஒதுங்கின உடம்பு யாருன்னே தெரியாம, கேக்க நாதி இல்லாம போயிருக்கும். இப்ப நமக்கு ஒரு சேதியாவது வந்துச்சு. கெட்ட சேதிதான். ஆனா சேதி.

— தொலைஞ்ச சட்டையாவது திரும்பி வரட்டும், புதுசா நாலு பேராவது தேடி வரட்டும்னு நான் போட்டது டீச்சர். நேத்து சாயங்காலம் போன் அடிக்குது. வெளிநாட்டு நம்பரு. என்னென்னமோ சொல்றான். எனக்கு விளங்கினது ஒரே வார்த்தை. ஷர்ட்டு, ஷர்ட்டு, ஷர்ட்டு. நான் ஆர்டருன்னு நினைச்சுட்டேன்.

— ஐயோ.

— 'எத்தனை பீஸு சார்'னு கேட்டுட்டேன் டீச்சர். எத்தனை பீஸுன்னு.

— அழாதீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரா இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பாங்க. இந்தாங்க, முகத்தத் தொடைச்சுக்குங்க.

— அப்புறம்தான் போட்டோ அனுப்பினான். கடிதாசியும் போன்லயே வந்துச்சு. போட்டோ பாத்தேன். கடிதாசிய பிரிண்டு போட்டு உங்ககிட்ட கொண்டுவந்தேன்.

— அந்த போட்டோவ என்கிட்ட ஒரு தடவ காட்டுங்கன்னு காலைலேருந்து கேக்கறேன். 

— வேணாம் டீச்சர்.

— முகம் தெரியுதா அதுல?

— இல்ல. சட்டை மட்டும்தான். தொவைச்சுக் காய வெச்சு, ஒரு மேசை மேல விரிச்சு வெச்சு எடுத்திருக்கான். கை ரெண்டையும் நீட்டி விட்டு. பட்டனெல்லாம் போட்டு. யாரோ பொறுப்பா போட்டிருக்காங்க.

— சட்டைதான? அதப் பாக்க எனக்குத் தைரியம் இல்லன்னா நினைக்கறீங்க? ஆறு நாளா இந்த ரூம்ல உக்காந்து கப்பல்ல போன பதினோரு பேர் வீட்டுக்கும் நான்தான் கடிதாசி எழுதறேன். கம்பெனிக்கு, தூதரகத்துக்கு, அமைச்சருக்கு, யாருக்கில்ல? எல்லாத்துலயும் ஒரே வரி. கப்பல் கவுந்து இத்தனை நாளாச்சு, எங்க புள்ளைங்க எங்க. நாளை மட்டும் மாத்தி மாத்தி டைப் அடிக்கறேன். என் கண்ணு பூத்துப்போச்சே தவிர அழல.

— நீங்க அழாததுதான் எனக்குப் பயமா இருக்கு.

— என்ன சொன்னீங்க?

— ஒண்ணுமில்ல. பாடத்தச் சொல்லுங்க.

— சரி, கவனிங்க. நீங்க ஏன் 'ஸ்டிச்'லயே நிக்கறீங்கன்னு சொல்லட்டுமா? அந்த 'ஹேட்' எதுக்கு வருதுன்னு உங்களுக்குப் புடிபடல. புடிபடாத வார்த்தை நாக்குல நிக்காது. இதத் தமிழ்ல யோசிங்க. 'தச்சேன்'னு சொன்னா என்ன?

— தச்சேன். வேலை முடிஞ்சுது.

— 'தச்சிருக்கேன்'னு சொன்னா?

— தச்சு வெச்சிருக்கேன். வந்து வாங்கிக்கலாம்.

— அதான்! தச்சது இன்னும் கையில இருக்கு. அதுதான் 'ஹேவ்'. 'தச்சிருந்தேன்'னு சொன்னா?

— தச்சிருந்தேன்... தச்சிருந்தேன், ஆனா...

— சொல்லுங்க.

— அதுக்கப்புறம் என்னமோ ஆகிப்போச்சு.

— நூத்துக்கு நூறு. பட்டம் வாங்கினவங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். முதல்ல நீங்க தச்சீங்க. அப்புறம் கப்பல் கவுந்துச்சு. முந்தி நடந்ததுக்கு 'ஹேட்'. இதே சட்டைதான், நான் தச்சிருந்தது. த சேம் ஷர்ட் ஐ ஹேட் ஸ்டிச்ட். 'அதே'ன்னு ஒரு வார்த்தை வந்தாலே பின்னால பழசு ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரும் மாஸ்டர். எதோட அதே? முந்தி இருந்ததோட அதே.

— எப்பவும் 'ஹேட்'தான் வருமா?

— இல்ல இல்ல. முடியாததுக்கு 'ஹேவ்'. இப்ப என் பையனப் பத்திச் சொல்லணும்னா நான் எப்படிச் சொல்வேன்? ஹி இஸ் த சேம் பாய் ஐ ஹேவ் ஆல்வேஸ் நோன். எனக்கு எப்பவும் தெரிஞ்சிருக்கற அதே பையன். நாளைக்குக் கதவத் தட்டிக்கிட்டு வந்து, 'என்னம்மா, இன்னும் இந்த ஆடற பெஞ்ச மாத்தலையா'ம்பான். அதே திமிரு, அதே நக்கல். புள்ளையப் பத்திப் பேசும்போது எந்தத் தாயாவது 'வளத்திருந்தேன்'னு சொல்வாளா? 'வளத்திருக்கேன்'னுதான் சொல்வா.

— ...டீச்சர், ஜன்னலக் கொஞ்சம் தொறந்து வைக்கட்டுமா?

— தொறந்துதான் இருக்கு. ஐயோ, நான் ஒரு மடச்சி. உங்க தம்பி சேதிய வெச்சுக்கிட்டு என் பையன் பேச்சப் பேசறேன் பாருங்க. மன்னிச்சுக்குங்க மாஸ்டர். நான் சட்டையப் பத்தித்தான் 'ஹேட்' சொன்னேன். தம்பியப் பத்தி இல்ல.

— நீங்க என்கிட்ட மன்னிப்புக் கேக்காதீங்க.

— ஏன் கேக்கக் கூடாது?

— கேக்காதீங்க, அவ்வளவுதான். கால்ல விழுந்து கேக்கறேன், நீங்க கேக்காதீங்க.

— சரி சரி, கேக்கல. உக்காருங்க.

— நேத்து ஒரு காரியம் பண்ணினேன் டீச்சர். யார்கிட்டயும் சொல்லல.

— என்ன?

— போட்டோ வந்துச்சில்ல? கண்ண மூடிக்கிட்டுத்தான் தொறந்தேன். தொறந்து பாத்ததும்... ஒரு நிமிஷம்... நான் சிரிச்சுட்டேன்.

— சிரிச்சீங்களா?

— வாய்விட்டுச் சிரிச்சேன். கட்டிங் டேபிளத் தட்டித் தட்டிச் சிரிச்சேன். பாவி நான். அப்புறம்தான் நான் எதுக்குச் சிரிக்கறேன்னு எனக்கே உறைச்சுது.

— அது ஒண்ணுமில்ல மாஸ்டர். அதிர்ச்சி. எங்க அப்பா போனப்ப எங்க அத்தை சிரிச்சாங்க. டாக்டரே சொன்னாரு, சில பேருக்கு அப்படித்தான் வரும்னு. அதப் போய் மனசுல போட்டு உழப்பிக்கிட்டு இருக்கீங்களா?

— அது அதிர்ச்சி இல்ல டீச்சர்.

— பின்ன என்ன?

— மணி என்ன ஆச்சு?

— பதினொண்ணு இருபத்தஞ்சு. பேச்ச மாத்தாதீங்க. சரி, வேணாம், சொல்ல வேணாம். எழுத்துல அனுப்ப வேண்டியத முதல்ல அடிச்சுடலாம். மெஷின்ல பேப்பர் மாட்டிட்டேன். 'திஸ் இஸ் த சேம் ஷர்ட் ஐ ஹேட் ஸ்டிச்ட் ஃபார் மை பிரதர்.' என் சகோதரனுக்காக நான்...

— 'பிரதர்' அடிக்காதீங்க!

— எதுக்குக் கத்தறீங்க?

— அது வந்து... சட்டைய மட்டும் எழுதுங்க முதல்ல. நான் தச்சதுன்னு மட்டும். ஆள அப்புறம் எழுதிக்கலாம்.

— ஆளுக்காகத்தான் மாஸ்டர் கேள்வியே.

— கொஞ்சம் பொறுங்க. கொஞ்ச நேரம். இன்னும் அரை மணி இருக்கில்ல?

— இருக்கு. பேரு எழுதிட்டா நிஜமாயிடும்னு தோணுது, இல்ல? தெரியும். எனக்கும் அப்படித்தான். கம்பெனிக்காரன் அனுப்பின, காணாம போனவங்க பட்டியல்ல என் பையன் பேர் பத்தாவதா இருக்கு. அந்த வரிய மட்டும் விரலால மறைச்சுக்கிட்டுத்தான் படிப்பேன். போகட்டும். ரெண்டாவது கேள்விக்கு வாங்க. அடையாளம். என்ன எழுதறது?

— லேபிள்னு எழுதுங்க.

— லேபிள் நீங்க தச்ச எல்லாச் சட்டையிலயும் இருக்கும். இது இன்னாருக்குத் தச்சதுன்னு சொல்ல ஒரு அடையாளம் வேணும். துணிய எழுதட்டுமா? நீலக் கட்டம். அத எடுத்துக் குடுத்ததே நான்தான்.

— ஆமா. நாலரை மீட்டரு. பீஸ் துணி, கடைல அதோட தீந்துபோச்சு.

— கப்பல் ஏறறதுக்கு ரெண்டு நாள் முன்னால. ரெண்டு தடியனுங்களும் இந்த வாசப்படில நின்னுக்கிட்டு, 'ஒரே துணியில ரெண்டு சட்டை, ஒரே நாள்ல போட்டுக்கிட்டுப் போவோம்'னாங்க. நான் என்ன, பள்ளிக்கூட யூனிஃபார்மாடான்னு கேட்டேன். ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சதுங்க. இதோ, இந்த ஆடற பெஞ்சுதான். இவனால ஆடிச்சா அவனால ஆடிச்சான்னு இன்னும் தீர்ப்பு வரல.

— ரெண்டு பேருக்கும் ஒரே அளவு டீச்சர். மார்பு முப்பத்தெட்டு, தோள் பதினேழரை. நோட்டுல ஒரு தடவதான் எழுதினேன். தம்பி அளவ எழுதி, பக்கத்துல 'ரெண்டு'ன்னு போட்டேன். முப்பது வருஷத்துல அப்படி எழுதினதே இல்ல.

— எப்படி மறப்பேன்? அன்னைக்குக் கடையில நடந்த கூத்து ஒண்ணா ரெண்டா? நீங்க அளவு ஒண்ணுதானேன்னு கண்ண மூடிக்கிட்டு ரெண்டையும் ஒரே மாதிரி தச்சுட்டீங்க. என் பையன் நொட்டாங்கைக்காரன். அவனுக்குப் பாக்கெட்டு வலப்பக்கம் இருக்கணும், அப்பத்தான் எடுக்க வைக்க வசதி. போட்டுப் பாத்துட்டு, 'மாஸ்டர், இது உங்க தம்பி சட்டை, என் சட்டை எங்க'ன்னு நின்னானே!

— பிரிச்சு மாத்தித் தச்சேன். திட்டிக்கிட்டே தச்சேன். 'உனக்காக ஊர்ல இருக்கற சட்டையெல்லாம் திருப்பித் தைக்கணுமாடா'ன்னேன்.

— அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'பிரிச்ச இடத்துல ஊசித் தடம் தெரியுது மாஸ்டர், பாதி விலைதான்'னான்.

— ஆமா. அப்படியேதான் சொன்னான்.

— அட, சிரிங்க மாஸ்டர். ஒரு தடவையாவது சிரிங்க. நான் சிரிக்கறேனே.

— டீச்சர், நான் ஒண்ணு கேக்கலாமா?

— கேளுங்க.

— ஒருத்தன் நல்ல சேதியும் கெட்ட சேதியும் ஒரே வாயில வெச்சிருந்தா, எத முதல்ல சொல்லணும்?

— கெட்டத முதல்ல சொல்லணும். அப்பத்தான் நல்லது கொஞ்சமாவது ஆத்தும். ஏன்?

— அந்த ரெண்டும் ஒரே ஆளுக்கு இல்லன்னா?

— என்ன மாஸ்டர், சுத்தி வளைச்சு... யாரு அது படியில? மூச்சு வாங்குதே. மருந்துக்கடை அம்மாவா?

— நான்தான் டீச்சரம்மா! அண்ணன் இங்கதான இருக்காரு? அண்ணே, உங்கள எங்கெல்லாம் தேடறது? சொன்னா நம்ப மாட்டீங்க, கடைய அப்படியே போட்டுட்டு ஓடி வந்துட்டேன்.

— தங்கச்சி, நீ கீழ போ. நான் வரேன்.

— எதுக்குண்ணே கீழ? டீச்சரம்மாவும் கேக்கட்டுமே! இவ்வளவு நல்ல சேதிய வெச்சுக்கிட்டு மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?

— என்னம்மா சேதி? எனக்குப் புரியல.

— இவரு சொல்லலையா? அடப்பாவி மனுஷா! டீச்சரம்மா, இவரு தம்பி காலைல ஆறு மணிக்குப் போன் பண்ணிட்டானாம்! இவரு வீட்டுக்காரம்மா இப்பத்தான் மாத்திரை வாங்க வந்துச்சு. அழுவுது, சிரிக்குது, அழுவுது. கால்ல எலும்பு முறிஞ்சிருக்காம், ஆஸ்பத்திரியில கிடக்கறானாம். மீன் பிடிக்கறவங்க தூக்கிட்டு வந்து சேத்தாங்களாம். உசிருக்கு ஒண்ணுமில்லையாம். 'அவரு யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னாரு, எனக்குத்தான் வாய் அடங்கல'ன்னுச்சு.

— மாஸ்டர்! நிஜமாவா?

— ...நிஜம்தான் டீச்சர்.

— அட கடவுளே! வயித்துல பால வார்த்தீங்களே! எழுந்திருங்க, எழுந்திருங்க மாஸ்டர்! உயிரோட இருக்கானா! நீங்களே அவன்கிட்ட பேசினீங்களா? குரல் நல்லா இருந்துச்சா?

— நல்லா இருந்துச்சு.

— ஐயோ, நான் பாருங்க, ஆறு நாளா வராத அழுகை இப்ப வருது. ஏம்மா, கேட்டியா? உயிரோட இருக்கான்!

— அதத்தான டீச்சரம்மா சொல்றேன். உங்க புள்ள சேதியும் பின்னாலயே வந்துடும் பாருங்க. சரி, கீழ கடைல ஆளு நிக்கறாங்க, மணி அடிக்கறாங்க. நான் போறேன். அண்ணே, சாயங்காலம் வீட்டுக்கு வரேன், எனக்கு டீ போட்டு வைக்கச் சொல்லுங்க.

— போய்ட்டு வாம்மா. பாத்து எறங்கு, மூணாவது படி சரியில்ல. மாஸ்டர், நீங்க என்ன ஆளு? காலைலேருந்து நான் உங்களத் தேத்திக்கிட்டு இருக்கேன், நீங்க பூட்டின பொட்டி மாதிரி உக்காந்திருக்கீங்க! எனக்குக் கோவம்கூட வரல, போங்க. என் பையனப் பத்தி என்ன சொன்னான்?

— அவன் அதிகம் பேசல டீச்சர்.

— பக்கத்துக் கட்டில்ல இருப்பான். அதுங்க ரெண்டும் ஒண்ண விட்டு ஒண்ணு எங்க போகும்? அவன் கிடைச்சான்னா இவனும் அங்கதான். இவனுக்குப் போன் பேசக் கை கால் எதாவது... போகட்டும், முறிஞ்சா முறியட்டும், ஒட்டிக்கும். எந்த ஆஸ்பத்திரி? நம்பர் குடுங்க, இப்பவே பேசறேன்.

— டீச்சர், உக்காருங்க.

— எதுக்கு உக்காரணும்? நான் கேட்டதுக்கு பதில் சொல்லுங்க.

— நான் படியேறி வரும்போதே சொல்லணும்னுதான் வந்தேன். கடிதாசிய உங்க கையில குடுத்தேன். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்க 'ஐயோ மாஸ்டர், உங்க தம்பியா'ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டீங்க. அந்தக் கைய உதறிட்டு என்னால எதுவும் சொல்ல முடியல. அப்புறம் நேரம் ஆக ஆக...

— என்ன ஆக ஆக? அதான் தம்பி இருக்கானே! அப்ப அந்தச் சட்டை... அந்தச் சட்டை வேற யாரோ போட்டிருந்தது. அப்படித்தான? உங்க தம்பி யாருக்காவது குடுத்திருப்பான். கப்பல்ல எல்லாரும் மாத்தி மாத்திப் போட்டுப்பாங்க. அவன் தாராள மனசுக்காரன்.

— இல்ல டீச்சர்.

— ஏன் இல்ல? அப்படியே எழுதிடலாம். 'த சேம் ஷர்ட் ஐ ஹேட் ஸ்டிச்ட் ஃபார் மை பிரதர், ஹி ஹேட் கிவன் இட் டு எ ஃபிரண்ட்.' பாருங்க, அழகா வருது. இதத்தான் அடிக்கப் போறேன்.

— தம்பி சட்டை தம்பிகிட்ட இருக்கு. ஆஸ்பத்திரியில மடிச்சுத் தலமாட்டுல வெச்சிருக்காங்களாம். நான் அவன்கிட்ட முதல்ல கேட்டதே அதத்தான்.

— அவன் பொய் சொல்லியிருப்பான்.

— சட்டையப் பத்தி எதுக்குப் பொய் சொல்லணும்?

— அப்ப மிச்சத் துணி! மிச்சத் துணியில வேற யாருக்கோ தச்சிருக்கீங்க. ஞாபகப்படுத்திப் பாருங்க.

— மிச்சம் ஒரு முழம்கூட இல்ல. ரெண்டுதான் தச்சேன். ஒரே துணி. ஒரே அளவு.

— மாஸ்டர், அந்த போட்டோவக் காட்டுங்க.

— வேணாம்.

— காட்டுங்கன்னா காட்டுங்க!

— வேணாம் டீச்சர். தொட்டுக் கும்பிடறேன், அதப் பாக்காதீங்க.

— சரி. பாக்கல. வாயால சொல்லுங்க. ரெண்டாவது கேள்வி. அடையாளம் என்ன? பாக்கெட்டு எந்தப் பக்கம் இருக்கு?

— அத மட்டும் கேக்காதீங்க டீச்சர்.

— கேக்கத்தான் செய்வேன். எந்தப் பக்கம்?

— நேத்து நான் எதுக்குச் சிரிச்சேன்னு கேட்டீங்களே. அந்தப் பாக்கெட்டப் பாத்துத்தான் சிரிச்சேன். என் தம்பி இல்லடான்னு சிரிச்சேன். என்ன செருப்பால அடிங்க டீச்சர்.

— அதெல்லாம் எனக்கு வேணாம். நான் கேட்டது அது இல்ல. முதல் கேள்விக்கு வாங்க. அரை மணி நேரமா சொல்லிக் குடுத்தேன்ல? இதே சட்டைய யாருக்குத் தச்சிருந்தீங்க? ஒரு வார்த்தை. 'ஃபார்'க்கு அப்புறம் ஒரே ஒரு வார்த்தை.

— தமிழ்ல சொல்ல எனக்கு நாக்கு எழ மாட்டேங்குது.

— எந்த பாஷைலயாவது சொல்லித் தொலைங்க. ஆனா நடுவுல நிறுத்தாம சொல்லுங்க. போன் வேற அடிக்குது பாருங்க.

— திஸ் இஸ் த சேம் ஷர்ட் ஐ ஹேட் ஸ்டிச்ட் ஃபார் யுவர் சன், டீச்சர்.